இடப்பக்கம் தேய்ந்த பிடி

ராத்தா கொண்டுவந்த டீவி கேம் பெட்டிக்கு இரண்டு பிடிகள் இருந்தன. ஒன்று கிட்டத்தட்டப் புதிது. மற்றதன் ரப்பர் தேய்ந்து மினுங்கியது. அந்தத் தேய்வும் ஒரு பக்கத்தில் மட்டும்தான். மேசையில் வைத்தால், விரலால் ஆட்டுகிற அதன் தண்டு நேராக நிற்காது. இடப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும், யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல.

ராத்தா என் ஒரே சகோதரி. என்னைவிட மூத்தவர். சவூதியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போயிருந்தார். வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் பிறருடைய வயலில் விதைத்து, வயற்குடிசையான வாடியிலேயே படுத்து எழும்புகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்ட முதல் ஆள் நான்தான். நான் ஏ.எல். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பதற்காகவே ராத்தா கப்பல் ஏறினார் என்று ஊரில் சொல்வார்கள். ஏறியது கப்பலில் அல்ல, விமானத்தில். ஆனால் எங்கள் ஊரில் சொல்வது அப்படித்தான்.

அவர் திரும்பி வந்த அன்று கல்முனைக்குடியில் எங்கள் வளவு நிறையப் பெண்கள். பக்கத்து வீட்டு மாமி பாயின் நடுவில் அமர்ந்து, சூட்கேசிலிருந்து வெளியே வரும் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி நிறை பார்த்தார். கேம் பெட்டி வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இதென்னகா புள்ள, ரேடியோவா?"

"இல்ல மாமி. டீவியோட குத்திப்போட்டு விளையாடுற சாமான்."

"விளையாடவா? அரபிட வீட்டுல முதுகு முறிய வேல செஞ்சிபோட்டு, பழைய விளையாட்டுச் சாமானா கொண்டு வந்திரிக்காய்? என்ட மகள் கொண்டு வந்த கேக் அடிக்கிற மெஷினப் பாத்தயா, என்ன வடிவு!"

"வடிவுதான் மாமி. குத்தின அண்டைக்கே புகைஞ்சி போச்சே," என்றேன் நான்.

"நீ சும்மா கிட. படிச்ச வாய்."

அந்த மெஷின் புகைந்ததற்குக் காரணம் இருந்தது. ராத்தா இருந்த ஊரில் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் நம்முடையதில் ஏறத்தாழப் பாதி. அங்கிருந்து வரும் சாமானை இங்கே நேரே சுவரில் குத்தினால் அன்றே அதற்கு மௌத்து, சாவுதான். ராத்தாவுக்கு அது தெரிந்திருந்தது. கேம் பெட்டியோடு அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும், செங்கல் போலப் பாரமான ஒரு ட்ரான்ஸ்போமரையும் உடுப்புகளுக்குள் சுற்றி வைத்துக் கொண்டுவந்திருந்தார். தனக்கென்று ஒரு நல்ல சீலைகூட இல்லாமல், அந்த இரும்பைச் சுமந்து வந்திருக்கிறார். அது ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பெண்கள் கலைந்த பிறகு உம்மாவிடமும் என்னிடமும் அவரே சொன்னார்.

"இது நான் பாத்த புள்ளட சாமான். அவன் மௌத்தாப் போயிட்டான்."

உம்மா "இன்னாலில்லாஹி" என்று நெஞ்சில் கை வைத்தார். "ஏன்கா, என்ன வருத்தம்?"

"ரெத்தத்துல வருத்தம். என்ன செஞ்சும் சரி வரல்ல."

மௌத்தானவரின் உடுப்பையும் சாமான்களையும் சதக்காவாகப் பிறருக்குக் கொடுத்துவிடுவது அங்கேயும் வழக்கம், இங்கேயும் வழக்கம். அதை மற்றவர் பாவிக்கப் பாவிக்க நன்மை போனவரைச் சேரும் என்பது நம்பிக்கை. பிள்ளையின் உடுப்பெல்லாம் எங்கெங்கோ போனது. கடைசியில் இந்தப் பெட்டியை அந்தத் தாய் ராத்தாவின் கையில் வைத்தாராம். "உங்கட ஊருல புள்ளயளுக்குக் குடு. அதுகள் விளையாடிச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புட நன்மை என்ட மகனுக்குப் போகட்டும்."

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் ராத்தா.

நான் பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடத்தில் படித்ததைச் சொன்னேன். பருவம் அடையாத பிள்ளைக்குப் பாவமே இல்லை, அது நேரே சுவர்க்கம் போகும், அதற்கு நம்முடைய நன்மை தேவையே இல்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

ராத்தா தலையை ஆட்டினார். "இரிக்கும் தம்பி. நீ படிச்ச புள்ள. ஆனா நான் ஓம் எண்டு சொன்ன அந்த உம்மாவுக்கு. புத்தகத்துக்கில்ல."

அன்றிலிருந்து அந்தப் பெட்டி கெட்டுப்போகாமல் இருப்பது எங்கள் வீட்டின் கடமையானது. அது ஓட வேண்டும், பிள்ளைகள் வர வேண்டும், சிரிக்க வேண்டும். அது எங்கள் கையில் நின்றுபோனால் ராத்தாவின் வாக்கும் அங்கேயே நின்றுபோகும்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கடற்கரை மணல் ஒட்டிய கால்களைக் கிணற்றடியில் கழுவிவிட்டுத்தான் பாயில் இருக்கலாம். பெட்டியை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. இந்தச் சட்டங்களை ராத்தா போட்டார். டீவி எங்களுடைய பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி. கேம் ஓடத் தொடங்கியதும் படம் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருக்கும், பின்னாலிருக்கும் சின்னக் குமிழைத் திருகித் திருகி நான் அதை நிறுத்துவேன். உருளல் நின்றால் பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

ராத்தாவிடம் ஒரேயொரு கேம் கெசட்தான் இருந்தது. சதுரத் தலையோடு ஒரு சின்ன மனிதன். மேலிருந்து பழமும் விழும், கல்லும் விழும். ஓடி ஓடிப் பழத்தைப் பிடிக்க வேண்டும், கல் தலையில் விழுந்தால் ஒரு நீண்ட சத்தத்தோடு ஆட்டம் முடியும். இரண்டாவது பிடியையும் குத்தினால் இன்னொரு மனிதன் வருவான்.

முதல் நாள் நான் விளையாடினேன். அரை நிமிடத்தில் கல் விழுந்தது. பிள்ளைகளும் அப்படியே. பிறகு ராத்தா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, புதுப் பிடியை எடுத்தார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். தையல் மெஷின் ஓட்டுவதுபோல அவருடைய விரல் ஓடியது. ஒரு பழம் நிலத்தில் விழவில்லை.

"ராத்தா, நீங்க அங்க வேல செஞ்சயா, இதான் செஞ்சயா?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

"இதும் வேலதான்டா," என்றார்.

சவூதியில் அவர் பார்த்த பிள்ளைக்கு வெளியே போய் ஓடி விளையாட உடம்பு இடம் கொடுக்கவில்லை. பகலெல்லாம் இருவரும் இந்தப் பெட்டியின் முன்னால்தான். அவனுக்குத் தோற்கப் பிடிக்காது. விளையாடிப் பார்த்து அவனே ஒரு இரகசியத்தைக் கண்டுபிடித்தான். திரையின் இடது ஓரத்தில், சுவரோடு ஒட்டிய மூலையில் மட்டும் கல் விழுவதே இல்லை. செய்தவர்கள் விட்ட பிழையோ என்னவோ. ஆட்டம் தொடங்கியதும் தன் மனிதனை அங்கே ஓட்டிக்கொண்டுபோய்ப் பிடியை இடப்பக்கமாக அழுத்திப் பிடித்தபடி இருப்பான். பழங்களையெல்லாம் ராத்தாவின் மனிதன்தான் பிடிக்க வேண்டும். "யஸார்! யஸார்!" என்று கத்துவானாம். அரபியில் யஸார் என்றால் இடப்பக்கம். ராத்தாவையும் அந்த மூலைக்குள் வரச் சொல்லிக் கூப்பிடுவான். அவர் போகமாட்டார், இருவரும் ஒளிந்துகொண்டால் பழம் யார் பிடிப்பது?

"அப்பிடியே இரிப்பான். கை வெளுத்துப்போகும். விடடா எண்டா விடமாட்டான்."

பிடி ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்பது இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

பின்னாளில், வெளிநாட்டிலிருந்து வரும் இப்படிப்பட்ட பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லி ஊரில் பலர் என்னிடம் கொண்டுவந்தார்கள். பழையதை வாங்குகிறவர்கள் மூடியில் உள்ள கீறலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கீறல் ஒன்றும் செய்யாது. கெசட்டின் அடியில் இருக்கும் செப்புப் பற்களைப் பார்க்க வேண்டும். எங்கள் கடற்கரையில் அவை ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பிடித்துவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் வெளுக்கும். வயர், பெட்டிக்குள் நுழையும் கழுத்தில்தான் அறும். பெட்டி எளிதில் சாகாது. சாவது எப்போதும் கை படுகிற இடம்தான். இந்த விபரமெல்லாம் எனக்கு அந்தப் பிடியில் இருந்துதான் வந்தது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் மாமியின் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தபோது கத்தினாள்.

"ராத்தா! நான் சொல்லாம இவன் போறான்!"

பழைய பிடி பாயில் கிடந்தது. அதில் யாருடைய கையும் இல்லை. திரையில் மனிதன் இடப்பக்கமாக நடந்து மூலையை அடைந்து, சுவரோடு ஒட்டி நின்றான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிடியைத் தட்டியதும் சரியாயிற்று. இரண்டு நாளில் மறுபடி போனான். பிறகு அடிக்கடி போனான்.

காரணம் எனக்கு விளங்கியது. உள்ளே இடப்பக்கத் தொடுப்பு அழுந்தி அழுந்தித் தளர்ந்து, விட்ட பிறகும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விளையாட்டுப் பெட்டிக்கு அது, யாரோ இடப்பக்கம் அழுத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம். இதை நான் பிள்ளைகளுக்குச் மின்சுற்றுப் படம் கீறிக் காட்டினேன். ஆனால் சாமான் யாருடையது என்பது அதற்குள் வேலியைத் தாண்டிவிட்டது. மாமி கிணற்றடியில் சொன்னது எங்கள் காதுக்கே கேட்டது.

"மௌத்தான புள்ளட சாமான்கா. அந்தப் புள்ளதான் உள்ள இருந்து இழுக்குது. நம்மட புள்ளயள அனுப்பப் பயமாக் கிடக்கு."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். அஸருக்குப் பிறகு எங்கள் பாய் வெறுமையாகக் கிடந்தது. ராத்தா அதை விரித்து வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

படித்தவன் என்ற திமிரோடு ஒரு முற்பகலில் நான் தனியே பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். பிடியைத் தரையில் வைத்துவிட்டு எட்ட இருந்தேன். மனிதன் நடந்து போய் மூலையில் நின்றான். திரை முழுக்கக் கற்கள் விழுந்தன, அவன்மேல் ஒன்றும் விழவில்லை. பழங்கள் நிலத்தில் விழுந்து மறைந்தன. பௌதிகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்தேன், நிற்கிறான். ஆட்டம் முடியவே இல்லை. தொடுப்பு, மின்சுற்று என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் பெட்டியை நிறுத்தக் கை வரவில்லை. அவனை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போகவும் முடியவில்லை. கடைசியில் கரண்ட் போய்த்தான் என்னை விடுவித்தது.

ஊர்ப் பேச்சையும் வெறும் பாயையும் தாங்கமாட்டாமல் இருந்தவர் உம்மா. ஒரு வியாழன் மஃரிப் தொழுகைக்கு முன்னால், யாஸீன் ஓதி ஊதிய தண்ணீர்ப் போத்தலைப் பள்ளிவாசலிலிருந்து எடுப்பித்து, வீட்டு மூலைகளில் தெளித்துக்கொண்டு வந்தவர், அந்தப் பிடிக்கும் ஒரு சிறங்கை வார்த்துவிட்டார். பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் வைப்பதுபோல, அவ்வளவு பக்குவமாக.

அடுத்த நாளிலிருந்து தட்டினாலும் சரி, ஆட்டினாலும் சரி, பிடி வழிக்கு வரவில்லை. பெட்டியைப் போட்ட உடனேயே மனிதன் மூலைக்கு ஓடினான். யார் அழுத்தினாலும் திரும்பவில்லை.

"உம்மா, கரண்ட் சாமானுக்கு ஆராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்றேன்.

"ஓதின தண்ணிடா! அது என்ன செய்யும்?"

"துருப்பிடிக்கும்."

"அல்லாஹ்ட கலாம் துருப்பிடிக்குமா? இதான் உனக்குப் பள்ளிக்கூடத்துல படிச்சித் தந்த?"

"கலாம் இல்ல உம்மா, தண்ணி!"

ராத்தா இருவரையும் கையமர்த்தினார். பிடியைத் தன் முந்தானையால் துடைத்து என் பக்கம் நீட்டினார். "திருத்த ஏலுமா?"

"துறந்து பாக்கணும் ராத்தா."

ஜன்னலடியில் பழைய செய்தித்தாளை விரித்து, நான்கு ஆணிகளைக் கழற்றினேன். ஆணித் தலைகள் ஏற்கெனவே உப்பில் கறுத்திருந்தன. மூடியைத் தூக்கியதும் தாளில் மணல் கொட்டியது. எங்கள் கடற்கரை மணல் இல்லை. சிவந்த, மாவு போன்ற மணல். உள்ஓரத்தில் ஏதோ பிசுபிசுப்புக் காய்ந்து கறுத்துப்போய் இருந்தது.

ராத்தா குனிந்து பார்த்தார். "ஈத்தம்பழம். கை கழுவாமத்தான் புடிப்பான்."

நான்கு பக்கத்துக்கும் நான்கு சிறிய தகடுகள் இருந்தன, மீன் செதிள் அளவில், நடுவில் மேல்நோக்கிக் குவிந்தபடி. விரலால் அழுத்தினால் மூன்று தகடுகள் 'டிக்' என்று கீழே போய் மேலே வந்தன. இடப்பக்கத் தகடு தட்டையாகக் கிடந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிப் புதுத் துரு. அழுத்தினால் சத்தமே இல்லை.

"இதுதான் ராத்தா. இது செத்துப்போச்சு. வேற தகடு இந்த ஊருல கிடையா. கொழும்புலயும் கிடைக்குமோ தெரியா."

"என்ட பிடியிலயும் இது இரிக்கிதானே?"

"இரிக்கி."

"அப்ப அதுல இரிந்து எடு."

"எடுத்தா உங்கட பிடி இடப்பக்கம் போகாது. மறுகா ரெண்டு பேரு சேர்ந்து விளையாட ஏலாது."

"இப்ப எங்க ரெண்டு பேரு இரிக்கம்?"

நான் உடனே தொடங்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. உம்மா பகல் தூங்கும் நேரங்களில் ராத்தா சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு அந்தப் பெட்டியைப் போட்டுப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். பிடியைத் தொடமாட்டார். டீவிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பார். மூலையில் நிற்கிறவனைப் பார்த்தபடி மரக்கறி நறுக்குவார். ஒருமுறை ஏதோ அரபியில் சொன்னார். கண்டிக்கிற குரல், ஆனால் கோபம் இல்லை. சோறு தின்ன வரச் சொல்லிக் கூப்பிடுகிற குரல்.

"ராத்தா, திருத்தினா அவன் தானா அங்க போகமாட்டான்."

"தெரியும்."

"இப்பிடியே வெச்சிரிக்கலாம். நமக்கு மட்டும்."

அவர் தாளில் கிடந்த மணலை விரல் நுனியால் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நமக்கு எண்டு தரல்லியே தம்பி," என்றார் கடைசியில். "எனக்கு வெச்சிக்கொள்ளத் தந்திருந்தா வெச்சிக்கொள்ளுவன். புள்ளயள் சிரிக்கத் தந்த. இதுல ஆரு சிரிக்கிற? நான் அழுறதுக்கா அந்த உம்மா தந்தா?"

பிறகு எழும்பித் தாளை நான்காக மடித்தார். குர்ஆன் வசனம் உள்ள தாள், உணவுத் துணுக்கு போன்ற, காலில் மிதிபடக் கூடாத எதையும் எங்கள் வீட்டில் கிணற்றடி மாதுளை மரத்தின் தூரில்தான் போடுவோம். யாரும் நடக்காத இடம். அங்கே கொண்டுபோய் அந்த மணலைக் கொட்டிவிட்டு, வெறும் தாளோடு திரும்பி வந்தார்.

"பிஸ்மி சொல்லித் தொடங்கு."

ராத்தாவின் பிடியைத் திறந்தேன். அதன் இடப்பக்கத் தகடு புதியதுபோல் மின்னியது. அவருடைய மனிதன் வலப்பக்கம்தான் அதிகம் ஓடியிருக்கிறான். சவர அலகின் நுனியால் அதை மெல்லக் கிளப்பி, ஊசி போடுகிற இடத்தில் பாவிக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துப் பழைய பிடியின் உள்ளே துடைத்து, துருவையும் பேரீத்தம்பழக் கறையையும் எடுத்து, தகட்டை மாற்றி, பிளாஸ்டரால் ஒட்டினேன். வெடித்த தகட்டை ராத்தா கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. குப்பைக்குள் போட எனக்கு மனம் வராததால் அது சில காலம் என் கொம்பாஸ் பெட்டிக்குள் கிடந்து, எப்போதோ தொலைந்துபோனது.

மூடி, ஆணி முறுக்கி, மேசையில் வைத்தேன். தண்டு நேராக நின்றது.

பெட்டியைப் போட்டேன். படம் உருண்டது. குமிழைத் திருகி நிறுத்தினேன். மனிதன் திரையின் நடுவில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். எங்கும் போகவில்லை. மேலே ஒரு கல் தோன்றியது, நேராக இறங்கியது, அவன் தலையில் விழுந்தது. நீண்ட சத்தம். நான் திரும்பவும் தொடக்கினேன். திரும்பவும் நடுவில் நின்றான். யாராவது சொல்லும்வரைக்கும் காத்து நிற்கிறவன்போல. ராத்தாவின் பக்கம் திரும்ப எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாவது கல் பாதி வழி வந்தபோது ராத்தா கையை நீட்டிப் பிடியை எடுத்தார். அதுவரை அந்தப் பிடியை அவர் விளையாடத் தொட்டதே இல்லை. இடப்பக்கமாக அழுத்தினார். மனிதன் ஓடி மூலையில் ஒதுங்கினான். கற்கள் மற்ற இடமெல்லாம் விழுந்தன. அவர் விடவில்லை. பெருவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தியபடியே இருந்தார். அறையில் பழங்கள் நிலத்தில் விழும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உம்மா வாசலில் வந்து நின்றவர், அப்படியே திரும்பிப் போனார்.

பிறகு ராத்தா விரலை எடுத்தார். வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டார்.

வந்தது மாமியின் பேத்தி மட்டும்தான். அதுவும் வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு, காலைக்கூடக் கழுவாமல்.

"போயிட்டா ராத்தா?"

"ஆரு?"

"உள்ள இரிந்த ஆள்."

ராத்தா அவளைக் கிணற்றடிக்கு அனுப்பவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, பாயில் இருத்தினார்.

"ஓம் புள்ள. போயிட்டான். இந்தா, பிடி."

அவள் பயந்து பயந்து வலப்பக்கம் அழுத்தினாள், மனிதன் வலப்பக்கம் போனான். இடப்பக்கம் அழுத்தினாள், இடப்பக்கம் வந்தான். முகம் மலர்ந்தது. ஒரு பழத்தைப் பிடித்தாள், இன்னொன்றைத் துரத்தினாள். அவசரத்தில் கல்லுக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். சத்தம் கேட்டதும், தோற்றதையே மறந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

ராத்தா வாசலில் நின்றபடி, துஆ கேட்டு முடிக்கிறவர்போல, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.